கையை எடுத்தால் நிற்க வேண்டும்

கோகிலவாணியின் கடையில் ஒரு சோதனை உண்டு. கேம் கன்ட்ரோலர் சரியாகிவிட்டது என்று வெறும் வாயால் சொன்னால் துருகம் ரோட்டுப் பையன்கள் நம்பமாட்டார்கள். அதனால் கன்ட்ரோலரைத் தன் போனோடு இணைத்து, ஒரு விளையாட்டைத் திறந்து, அதிலிருக்கும் பொம்மை ஆளைப் பத்து மாடிக் கட்டடத்தின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்துவாள். பிறகு கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் மேலே தூக்குவாள். ஒரு நிமிடம் அந்த ஆள் விழாமல் நின்றால் வேலை முடிந்தது. கள்ளக்குறிச்சியில் வேறு எந்தக் கடையிலும் இந்த வித்தை கிடையாது என்று அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

கன்ட்ரோலருக்கு வருகிற நோயில் முக்கால்வாசி ஒரே நோய்தான். கட்டைவிரலால் ஆட்டுகிற குமிழுக்கு அடியில் பொடிசாக ஒரு கரிப்பட்டை இருக்கும். அதன்மேல் ஒரு தகடு உரசிக்கொண்டே இருக்கும். பட்டை தேய்ந்து தூள் சேர்ந்தால், யாரும் தொடாதபோதே யாரோ தள்ளுகிறார்கள் என்று யந்திரம் நினைத்துக்கொள்ளும். "தானா இழுக்குதுக்கா" என்று பையன்கள் கொண்டுவந்து போடுவார்கள். இதற்கு வைத்தியம் இரண்டு. ஒன்று, குமிழை அடியோடு கழற்றிப் புதுசு வைப்பது. பதினாலு கால்களின் ஈயத்தை உருக்கி எடுக்க வேண்டும், பொறுமை வேண்டும், பார்ட் கையில் இருக்க வேண்டும். மற்றது, சந்தில் ஸ்ப்ரே அடித்துத் தூளை விலக்கிவிட்டு, லேப்டாப்பில் மாட்டி "இதுதான் உனக்கு நடு" என்று புதிதாகச் சொல்லிக் கொடுப்பது. இது சொத்தைப் பல்லுக்குக் கிராம்பு வைப்பது மாதிரி. இரண்டு நாள் தாங்கும். ஸ்ப்ரே காய்ந்து தூள் இடம் மாறியதும், சொல்லிக் கொடுத்த அந்த நடுவே பொய்யாகி, முன்னைவிட மோசமாக இழுக்கும்.

நேற்று மாலை அவள் செழியனுக்குக் கிராம்பு வைத்து அனுப்பியிருந்தாள்.

செழியன் வெள்ளிமலைப் பக்கத்து ஆள். சின்னசேலத்தில் பேட்டரி வண்டி ஒர்க்‌ஷாப் ஒன்றில் வேலை. கன்ட்ரோலரைக் கொடுத்து நாலு நாளாகியிருந்தது.

"பார்ட்டு சேலத்துலருந்து வரணும் தம்பி. காலையில பஸ்ஸுல போட்டுடுவாங்க. நாளைக்கு மத்தியானம் வந்து வாங்கிக்கோ."

"இல்லீங்கக்கா, இன்னிக்கே வேணும். மலைக்குக் கடசி பஸ்ஸு போயிடும்."

"கேம் ஆடறதுக்கு இன்னா இவ்ளோ அவசரம்?"

அவன் சிரித்தான். "பெரிய மேட்ச்சுக்கா நாளைக்கு."

ஸ்ப்ரே அடித்தாள். நடுவைச் சொல்லிக் கொடுத்தாள். பொம்மை ஆள் மாடி விளிம்பில் ஒரு நிமிடம் நின்றான். இது இரண்டு நாளைக்குத்தான் என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. கடையின் பெயர் என்னாவது என்ற கூச்சம். விளையாட்டுச் சாமான்தானே, பொம்மை விழுந்தால் எழுந்துகொள்ளும், திரும்பி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசுக்குள் கணக்கை முடித்துவிட்டாள்.

இன்று காலை எட்டு மணிக்குப் பேருந்து நிலையத்தில் சேலம் பஸ்காரரிடம் பார்சலை வாங்கினாள். ‘பார்ட் வந்துவிட்டது, ஒருநாள் வா’ என்று செழியனுக்குச் செய்தி அனுப்பினாள். ஒற்றை டிக்கோடு நின்றது. அவன் வைத்திருந்த ஸ்டேட்டஸ் கண்ணில் பட, சும்மா தட்டினாள்.

நேற்றிரவு போட்ட அரை நிமிட வீடியோ. சக்கர நாற்காலி ஒன்று. ஆஸ்பத்திரி நாற்காலியில் பேட்டரியும் மோட்டாரும் வைத்துப் பற்றவைத்த சொந்தத் தயாரிப்பு. அதில் இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி. வலது கைப்பிடியில், நாலு நாள் கோகிலவாணியின் மேசையில் கிடந்த அதே கன்ட்ரோலர், கம்பியால் கட்டியிருந்தது. அந்தப் பெண் குமிழைத் தள்ள நாற்காலி வாசலில் ஓடியது. விரலை எடுத்தாள், நின்றது. மறுபடி ஓட்டினாள், இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள், நின்றது. "கைய எடுத்தா நிக்குது! யம்மா, கைய எடுத்தா நிக்குது பாரு!" என்று கத்திச் சிரித்தாள். கீழே எழுதியிருந்தது: ‘நாளை பதினோரு மணிக்குப் பாப்பாவுக்குப் பேர் வைக்கிறோம். அத்தை ஆண்டாள் மடியிலேயே கோயிலுக்குப் போகும்.’

கோகிலவாணி வீடியோவை இன்னொரு முறை ஓட்டினாள். பஸ்ஸின் ஹாரன், டீக்கடைப் பாட்டு, எல்லாம் எங்கோ தள்ளிப் போனது.

இந்தப் பெண் இத்தனை நாள் கையை எடுத்திருக்கமாட்டாள். இழுக்கிற வண்டி என்று தெரிந்து, விரல் குமிழை விடாமல் பிடித்திருக்கும். இப்போது நம்பிவிட்டாள். இரண்டு கையாலும் குழந்தையைப் பிடித்துக்கொள்வாள். நம்பவைத்தது யார்?

போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. பதினைந்து தடவை போட்டாலும் அதேதான். மலையில் சிக்னல் ஏதாவது ஒரு பாறைமேல் நின்றால்தான் கிடைக்கும். பெயர் வைக்கிற நாளில் எவன் பாறையைத் தேடிப் போவான்? வெள்ளிமலை பஸ் போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. கடைக்கு ஓடினாள். ஈயத்தை உருக்குகிற சால்ட்ரிங் ராடு, ஈயம் உறிஞ்சும் பம்ப், லேப்டாப், பார்சல், எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்தாள். அவசரத்தில் அண்டாவுக்குள்கூடக் கை போகாது என்பார்கள்; அவளுக்கு ஸ்கூட்டரின் சாவித் துவாரத்துக்குள் சாவி போகவில்லை. ரசீதுப் புத்தகத்தில் ஊர் எழுதியிருந்தது. நொச்சிமேடு.

கச்சிராயபாளையம் வரை ரோடு நேர். அங்கே நின்று இன்னொரு முறை போன் போட்டாள். கோமுகி அணையைத் தாண்டியதும் மலை ஏறத் தொடங்கியது. ஸ்கூட்டர் பழசு. ஒவ்வொரு வளைவிலும் முக்கி முனகி, கடைசி நொடியில்தான் ஏறியது. எதிரே மரவள்ளி லாரி ஒன்று வளைவை அடைத்துக்கொண்டு இறங்க, ஓரத்துச் சரளையில் சக்கரம் வழுக்கி, காலை ஊன்றித் தப்பினாள். டிரைவர் திட்டியது காதில் விழவில்லை. வளைவுக்கு வளைவு, குழந்தை எவ்வளவு கனம் இருக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதமா? ஆறு மாதமா? கழுத்து நின்றிருக்குமா?

வெள்ளிமலையில் வழி கேட்டபோது பத்து மணி. பெட்டிக்கடைக்காரர் சாவகாசமாக வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"நொச்சிமேடா? பேர் வெக்கிற வூட்டுக்கா? மொய் கவர் வேணுமா?"

"வழிய மட்டும் சொல்லுங்க அண்ணே!"

அவள் குரலைக் கேட்டு அவர் கையை மட்டும் நீட்டினார்.

ஊருக்குள் நுழையும்போதே மேளச் சத்தம் கேட்டது. வீடுகள் மேட்டில், மாரியம்மன் கோயில் பள்ளத்தில். இரண்டுக்கும் நடுவே இருநூறு அடி நீளத்துக்குச் சரிவான சிமெண்டுப் பாதை. பாதி வழியில் அது இடப்பக்கம் திரும்பியது. திரும்புகிற இடத்தில் தடுப்பு ஏதும் இல்லை. கீழே இரண்டு ஆள் ஆழத்தில் மரவள்ளிக் காடு. கோகிலவாணி கோயில் வாசலில் ஸ்கூட்டரைக் கீழே போட்டபோது, பாதையின் உச்சியில் நாற்காலி நின்றிருந்தது. பட்டுப்பாவாடை சுற்றிய பொட்டலமாகக் குழந்தை ஆண்டாள் மடியில் இருந்தது.

"நவுராதீங்க! வண்டிய நிறுத்துங்க!"

மேளக்காரர்கள் நல்ல வேலைக்காரர்கள். அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. மேட்டைப் பார்த்து ஓடினாள்.

நாற்காலி இறங்கத் தொடங்கியது. ஆண்டாள் ஒரு விரலால் குமிழைத் தொட்டு, நிதானமாகத்தான் ஓட்டினாள். ஊரே இரண்டு பக்கமும் விலகி நடந்தது. பத்தடி வந்ததும் குழந்தையின் முகத்தில் வெயில் விழுந்தது. ஆண்டாள் குமிழிலிருந்து விரலை எடுத்து, இரண்டு கையாலும் துணியை இழுத்து முகத்தை மறைத்தாள்.

நாற்காலி நிற்கவில்லை.

வேகமாக ஓடவும் இல்லை. எறும்பு ஊர்வதுபோல ஊர்ந்தது. அதனால்தான் ஒருவரும் கவனிக்கவில்லை. ஓடி வந்துகொண்டிருந்த கோகிலவாணி கவனித்தாள். அதே நேரம் ஆண்டாளும் கவனித்துவிட்டாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே உறைந்து போனது. கத்தவில்லை. குழந்தையை இடது கையால் மார்போடு அணைத்துக்கொண்டு, வலது கையை இருக்கைக்கு அடியில் விட்டு, பேட்டரி ஒயரைப் பிடுங்கினாள். மோட்டாரின் பல்சக்கரங்கள் இறுக, வண்டி ஒரு குலுக்கலோடு நின்றது. வளைவுக்கு இன்னும் எண்பதடி இருந்தது.

மேளம் தேய்ந்து ஓய்ந்தது. "இன்னாடி ஆச்சு?" என்று ஆண்டாளின் அம்மா ஆயம்மாள் ஓடி வந்தாள்.

"ஒண்ணும் இல்ல. ஒயரு கழண்டுகிச்சு."

"அப்பவே சொன்னன், இந்த விஷப்பரீட்ச வேணாம்னு. புள்ளய குடு." பதிலுக்குக் காத்திராமல் ஆயம்மாள் குழந்தையை எடுத்துத் செழியனின் மனைவியான தன் மருமகள் கையில் கொடுத்தாள். ஆண்டாளின் மடி வெறுமையாக இருந்தது. அவள் அதைக் குனிந்து பார்த்த பார்வையைக் கோகிலவாணி பார்க்காமலிருந்திருக்கலாம்.

செழியன்தான் கோகிலவாணியை முதலில் அடையாளம் கண்டான். "அக்கா! நீங்க எங்க இங்க? வாங்க, வாங்க! எம்மா, இவங்கதான் ரிமோட்ட ரெடி பண்ணிக் குடுத்தவங்க."

கோகிலவாணிக்கு மூச்சு வாங்கியது. பையில் புது பார்ட் இருக்கிறது. ‘பார்ட் வந்துச்சு, மாத்திக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்’ என்று சொன்னால் போதும். மலையேறித் தேடி வந்த மகராசி என்று பந்தியில் உட்கார வைத்து இலை போடுவார்கள். ஒயர் கழன்றதாக அந்தப் பெண்ணே சொல்லிவிட்டாள். கோகிலவாணி சொல்ல வாயைத் திறந்தும்விட்டாள். ஆண்டாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒயர் கழன்றதா, கழற்றியதா என்று கோகிலவாணியைத் தவிரத் தெரிந்தவள் அவள்தான்.

"ஒயரு கழலல" என்றாள் கோகிலவாணி. "அவங்க புடுங்கினாங்க. வண்டி தானா இழுத்துச்சு. நான் சரியா ரிப்பேரு பண்ணல. ரெண்டு நாளைக்குத் தாங்கற மாதிரி மருந்தடிச்சுக் குடுத்தன். தெரிஞ்சேதான் குடுத்தன். தம்பிகிட்ட சொல்லல."

முதலில் ஆயம்மாள்தான் பேசினாள். "பச்சப்புள்ளய மடியில வெச்சிக்கினு கெடந்தாளே! அறிவு கீதா உனுக்கு? நீயும் புள்ள பெத்தவதான?"

கோகிலவாணி தலையைக் குனிந்துகொண்டாள்.

செழியன் முன்னே வந்தான். "எம்மா, அவங்கள மட்டும் சொல்லாத. கேம் ஆடறதுக்குன்னு சொல்லித்தான் குடுத்தன். வண்டிக்குன்னா எவனும் தொட மாட்டேன்றான். ரெண்டு கடயில கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிச்சிட்டாங்க."

"என்கிட்ட சொல்லியிருந்தா நானும் அனுப்பிச்சிருப்பன்" என்றாள் கோகிலவாணி. அதுவும் உண்மைதான்.

"புது பார்ட்டு கொண்டாந்துகிறீங்களா?" ஆண்டாள் கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை.

"கொண்டாந்துகிறன்."

"மாத்த எவ்ளோ நேரம் ஆவும்?"

"முக்கா மணி நேரம்."

"நல்ல நேரம் பதினொன்னரைக்குத்தான் முடியுது. பண்ணுங்க."

"யாரும் ஒண்ணும் பண்ண வேணாம்" என்றாள் குழந்தையின் அம்மா. "நானே தூக்கிக்கினு போறன். பேர் மட்டும் அவ வந்து சொல்லட்டும்."

"அண்ணி, பண்ணி முடிக்கட்டும். அப்பறம் நீங்க பாத்துட்டு சொல்லுங்க. வேணாம்னா வேணாம்."

வீட்டுக் கூடத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள் கோகிலவாணி. மலையில் கரண்ட்டுக்கு எப்போதும் பாதி உயிர்தான். பல்பு வாழைப்பழ நிறத்தில் எரிந்தது. ராடு சூடேற மறுத்தது. கம்பெனிக்காரன் வைத்த ஈயம் கெட்டி; ராடு முழுச் சூட்டில் இருந்தாலே முரண்டு பிடிக்கும். ஒவ்வொரு காலாகத் தன் ஈயத்தைக் கொஞ்சம் கலந்து, இளக்கி, பம்பை வைத்து உறிஞ்சினாள். நாலு கால் விட்டது. ஐந்தாவது விடவில்லை. இழுத்தால் போர்டின் தாமிரம் பிய்ந்துகொண்டு வரும். அப்புறம் கதை முடிந்தது. ராடு கட்டைவிரலில் பட்டுத் தோல் வெந்தது. வாயில் வைத்துக்கொள்ளவும் நேரமில்லை.

பக்கத்தில் கட்டிலில் ஆண்டாள் உட்கார்ந்திருந்தாள். டார்ச்சை அடித்துப் பிடித்திருந்தாள்.

"சந்தைக்குப் போன பிக்கப்பு கவுந்துச்சு. பத்தாவது படிக்கும்போது" என்றாள், கேட்காமலே. "அதப்பத்தி இப்ப ஒண்ணும் இல்ல. பழகிப்போச்சு. இந்தப் பாப்பா பொறந்து மூணு மாசமாவுது. எங்கிட்ட குடுப்பாங்க. வண்டிய ஆஃப் பண்ணிட்டு, சுத்தி நாலு பேரு நின்னுக்கினு குடுப்பாங்க. அவளத் தூக்கிக்கினு ஒரு எடத்துலருந்து இன்னொரு எடத்துக்கு நான் போனதே இல்லக்கா. அடுப்பங்கரைலருந்து வாசலுக்குக்கூட இல்ல."

கோகிலவாணிக்குக் கண் மறைத்தது. தோளில் துடைத்துக்கொண்டு ஐந்தாவது காலுக்குத் திரும்பினாள்.

பழைய குமிழ் கழன்று வந்தபோது மணி பத்து ஐம்பது. துளைகளைச் சுத்தம் செய்து, புதியதைச் செருகி, பதினாலு காலையும் பற்றவைத்தாள். லேப்டாப்பில் மாட்டினாள். திரையில் இரண்டு வட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி. குமிழை ஓரம்வரை நாலு திசையும் தள்ளி, விட்டு, நடுவைப் பதித்தாள். மறுபடி தள்ளி, விட்டு, பதித்தாள். வட்டமாகச் சுழற்றினாள். புள்ளி ஒவ்வொரு தடவையும் அதே இடத்துக்குத் திரும்பியது. நேற்று ஒரு தடவையோடு விட்டதை இன்று பதினோரு தடவை செய்தாள்.

நாற்காலியைப் பாதையின் உச்சிக்குக் கொண்டுவந்து கன்ட்ரோலரைக் கட்டினார்கள். பதினொன்று பத்து. ஊர் மொத்தமும் வேடிக்கை பார்க்க நின்றது. ஆண்டாளைத் தூக்கி உட்கார வைத்தான் செழியன்.

"வளைவுல வெச்சிப் பாக்கலாம்" என்றாள் ஆண்டாள். நாற்காலியை அவளே ஓட்டி இறங்கினாள். இரண்டு பக்கமும் அண்ணன் செழியனும் இன்னொருவரும் பிடித்துக்கொண்டே வந்தார்கள். பாதை திரும்புகிற இடத்தில், நேரே மரவள்ளிக் காட்டைப் பார்த்தபடி நிறுத்தினாள். "விடுங்க" என்று அவர்களை விலகச் சொன்னாள். பிறகு கோகிலவாணியைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க கொஞ்சம் முன்னாடி வந்து நில்லுங்க."

"எங்க?"

"வண்டிக்கு முன்னாடி. அந்த ஓரத்துல."

"ஆண்டாளு, இன்னா பேச்சு இது" என்றான் செழியன். அவள் திரும்பவே இல்லை.

கோகிலவாணி போய் நின்றாள். நாற்காலியின் கால்பலகைக்கும் அவள் கால்விரலுக்கும் நாலு விரற்கடை இடைவெளி. குதிகாலுக்குப் பின்னால் ஒரு சாண் சிமெண்டு. அதற்குப் பின்னால் காற்று. பேட்டரி, மோட்டார், ஆள் எல்லாம் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் இருக்கும்.

ஆண்டாள் குமிழைப் பின்னே இழுத்தாள், வண்டி பின்வாங்கியது. முன்னே தள்ளினாள், வந்தது. அதே இடத்தில் நிறுத்தினாள். நாலைந்து முறை முரட்டுத்தனமாக, இடமும் வலமும் ஆட்டினாள். கால்பலகை ஒரு தடவை கோகிலவாணியின் பெருவிரலைத் தொட்டுவிட்டுப் போனது. பிறகு இரண்டு கைகளையும் எடுத்து மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டாள்.

எவ்வளவு நேரம் என்று கோகிலவாணிக்குத் தெரியவில்லை. கால்பலகையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது துளி நகர்ந்தாலும் முதலில் தெரியப்போவது தனக்குத்தான். தன் வேலையின் எதிரில் இப்படி அவள் என்றைக்கும் நின்றதில்லை. வியர்வை முதுகில் இறங்கியது. பின்னால் காட்டில் எங்கோ ஆடு கத்தியது. வண்டி நகரவில்லை.

"அண்ணி" என்றாள் ஆண்டாள். "பாத்தீங்களா?"

குழந்தையின் அம்மா நாற்காலியைப் பார்த்தாள், ஓரத்தில் நிற்பவளைப் பார்த்தாள். பிறகு வந்து, குழந்தையை ஆண்டாளின் மடியில் வைத்தாள். கையை உடனே எடுக்கவில்லை. அப்புறம் எடுத்தாள்.

கோகிலவாணி விலகி வழிவிடப் போனாள்.

"எங்க போறீங்க?" ஆண்டாள் கேட்டாள். "கோயில் வரைக்கும் எனக்கு முன்னாடி நடங்க. திரும்பிப் பாக்காம நடங்க."

மரியாதையாகத்தான் சொன்னாள். செழியன் ஏதோ சொல்ல வந்தான். கோகிலவாணி தலையை அசைத்து அவனை நிறுத்திவிட்டுப் பாதையில் திரும்பி நின்றாள். மேளம் ஆரம்பித்தது. சரிவில் நடந்தாள். முதுகுக்குப் பின்னால் மோட்டாரின் முனகல் கூடவே வந்தது. கெண்டைக்கால் இரண்டிலும் மயிர் குத்திட்டு நின்றது.

பாதி தூரத்தில் முனகல் நின்றது. அவளும் நின்றாள். மேளக்காரர்கள் முன்னே போய்விட்டார்கள். ஒவ்வொரு நொடியும் கால்பலகை வந்து காலில் முட்டுவதை எதிர்பார்த்தாள். ஒன்றும் முட்டவில்லை. பின்னால் குழந்தை சிணுங்கியது. வளையல் சத்தம் கேட்டது, துணியைச் சரி செய்கிற சத்தம் கேட்டது, நிதானமாக, அவசரமே இல்லாமல்.

"ரெண்டு கையும் புள்ள மேலதான் கீதுக்கா" என்றாள் ஆண்டாள். "வண்டி நிக்குது. நீங்க நடங்க."